யன்னல் ஓரத்து ஆசனம்

 

உம்ராவுக்குப் போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால் கஃபாவை முதன்முதலாகக் கண்ட நேரத்தைச் சொல்வார்கள். மதீனாவின் குளிரைச் சொல்வார்கள். ஸம்ஸம் தண்ணீரில் ஒரு கோப்பை தந்து துஆச் செய்யச் சொல்வார்கள். நான் இங்கே எழுதப் போவது அவற்றைப் பற்றியல்ல. கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா வரையிலான ஏறக்குறைய 6 மணி நேரத்தைப் பற்றி. அதிலும், விமானத்தில் யார் எந்த ஆசனத்தில் இருந்தோம் என்ற ஒரு சிறிய விடயத்தைப் பற்றி.

இதிலென்ன இருக்கிறது எழுத என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். 18 வருடங்களாக மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஹதீஸ் ஓதிக் கொடுக்கின்ற நான், அந்தப் பயணத்தில் ஒரு ஹதீஸின் பொருளைப் புதிதாகப் படித்தேன். படித்த விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் வயதான உம்மாவையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்படக் காத்திருக்கும் உங்களுக்கு அது பயன்படுமென்று எழுதுகிறேன்.

2023 டிசம்பர் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். உம்மா, என் மனைவி, ராத்தா, மச்சான், நான். உம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தம் உண்டு. காதும் கொஞ்சம் மந்தம். விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாரே தவிர ஏறியதில்லை. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய ஆசையெல்லாம் இந்தப் பயணம் ஒன்றுதான்.

முதலில் உம்மா, மனைவி, நான் ஆகிய மூவருக்குத்தான் காசு கட்டினோம். ஒரு வாரம் கழித்து ராத்தாவும் மச்சானும் வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தனியாக டிக்கட் எடுக்கப்பட்டது. "எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஆசனம் கிடைக்குமா?" என்று மனைவி கேட்கச் சொன்னார். பயண முகவர், "அதெல்லாம் ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் மௌலவி" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் கல்முனைப் பக்கம். முதல் நாள் இரவே வேனில் புறப்பட்டுவிடுவோம் என்றார் மச்சான். உம்மா இரவு தூங்கட்டும், ஸுப்ஹு தொழுதுவிட்டுப் போகலாம் என்றேன் நான். என் பேச்சுத்தான் எடுபட்டது. மஹியங்கனை தாண்டி 18 வளைவுப் பாதையில் ஏறும்போது உம்மாவுக்கு வாந்தி. இரண்டு இடங்களில் வேனை நிறுத்தினோம். கண்டியில் வாகன நெரிசல். பிற்பகல் 2 மணி தாண்டிப் புறப்படும் விமானத்துக்கு, ஒன்றரை மணி நேரம் மட்டும் இருக்கும்போது கவுண்டரில் போய் நின்றோம். எங்கள் குழுவின் மற்றவர்கள் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

கையில் கிடைத்த போர்டிங் பாஸ்களைப் பார்த்தேன். மச்சானுக்கு 27ஆம் வரிசை. மனைவிக்கு 31. எனக்கு 38. உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் 44. அந்த வரிசையில் உம்மா நடுவில், ஒரு பக்கம் ராத்தா, மறு பக்கம் யாரோ ஒரு ஆண். "சேர்த்துத் தர முடியாதா?" என்று கேட்டேன். "விமானம் நிறைந்துவிட்டது, உள்ளே யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். அவரில் குற்றமில்லை. பிந்தி வந்தவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்முடைய குடும்பங்களில் கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒரு பெயர், உம்மாவுக்கு இன்னொரு பெயர். கடவுச்சீட்டில் எல்லாருக்கும் பொதுவான குடும்பப் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரே பதிவில் இல்லாதவர்களை, அல்லது பெரிய குழுப் பதிவொன்றில் இருப்பவர்களை, ஒரு குடும்பம் என்று கணினி எப்படிக் கண்டுகொள்ளும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் பெயர்களும் காலியாகக் கிடக்கும் ஆசனங்களும்தான். நாம் சொன்னால்தான் அது அறியும்.

விமானத்தினுள் யன்னல் பக்கங்களில் இரண்டிரண்டு ஆசனங்கள், நடுவில் நான்கு. 31ஆம் வரிசையில் மனைவிக்குக் கிடைத்தது நடைபாதை ஓரம். அவருக்கு அப்பால் யன்னல் ஓரத்தில் ஒரு பெண் இருந்தார். 25 வயது இருக்கும். மடியில் ஒரு சிறிய பை. அவருடைய ஆசனத்தில் உம்மாவை வைத்தால் மனைவி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார் என்று என் மனம் கணக்குப் போட்டது.

எனக்கு ஓர் அவசரமும் இருந்தது. மீகாத் எல்லை நெருங்கும்போது விமானத்தில் அறிவிப்புச் செய்வார்கள். உம்மாவுக்குக் காது மந்தம். 44ஆம் வரிசையில் இருந்துகொண்டு நிய்யத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"தங்கச்சி, இது எங்கட உம்மா. வயசானவ, வருத்தக்காரி. நீங்க பின்னுக்கு 44க்குப் போங்க" என்றேன். கேட்டேன் என்று எழுத விரும்புகிறேன். ஆனால் நான் கேட்கவில்லை, சொன்னேன். என் தலையில் தொப்பி, முகத்தில் தாடி, எனக்குப் பின்னால் பொதிகளோடு வரிசையில் நிற்கும் சனங்கள். அந்தப் பிள்ளை ஒரு தடவை யன்னலைப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். "ஜஸாகல்லாஹ்" என்றேன். அவர் முஸ்லிம் அல்ல என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

விமானம் எழும்பியது. நீர்கொழும்புக் களப்பும் தென்னை மரங்களும் கடற்கரையும் கீழே தெரிந்தன என்று பிறகு மனைவி சொன்னார். உம்மா எதையும் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி யாஸீன் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் ராத்தா எழும்பி என் வரிசைக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் புள்ளய நீயா எழுப்பி அனுப்பின?"

"ஓம், உம்மாவுக்காக."

"அது வந்ததிலிருந்து அழுதுகொண்டிருக்குது."

ராத்தா சொன்னது இதுதான். அந்தச் சகோதரி மலைநாட்டுத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு வருட ஒப்பந்தம். ஆறு வயதில் ஒரு மகன். அவனும் அவருடைய அம்மாவும் கட்டுநாயக்கா வரை வந்து வழியனுப்பினார்கள். பிள்ளை அழுதபோது, "நீ வெளியே நின்று கை காட்டு, நான் யன்னலால் பார்த்துக் கை காட்டுவேன்" என்று சொல்லித் தேற்றியிருக்கிறார். அதற்காகவே கவுண்டரில் கெஞ்சி யன்னல் ஓரத்து ஆசனம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

சகோதரிகளே, அந்த உயரத்திலிருந்து பிள்ளையின் கை தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. அது அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்கும். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஓர் இடம் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிய இடத்திலிருந்து நான் அவரை எழுப்பிவிட்டேன்.

ஒருவர் இன்னொருவரை அவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அமரக் கூடாது, மாறாக நெருங்கி அமர்ந்து இடமளியுங்கள் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. யாராவது தமக்காகத் தாமே எழுந்தாலும் இப்னு உமர் (ரலி) அந்த இடத்தில் அமர விரும்புவதில்லை என்பதும் அதனோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு வருடமும் நான் ஓதிக் கொடுக்கும் பாடம். பள்ளிவாசலுக்கும் சபைக்கும் உரியது என்று மட்டும் எண்ணியிருந்தேன் போலும். விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் அது உரியதென்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

எழும்பிப் பின்னால் போனேன். நான்கு ஆசனங்களின் நடுவே, முகத்தைச் சால்வையால் மறைத்துக்கொண்டு இருந்தார். "தங்கச்சி, நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க. வாங்க, உங்கட இடத்துக்கே வாங்க" என்றேன்.

"இனி எதுக்குங்க ஐயா? இனிமே கடல்தானே" என்றார்.

நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

விடயத்தை உம்மாவின் காதருகே போய் மனைவி சொன்னார். உம்மா என்னை அழைத்தார். "எனக்கு யன்னல் எதுக்கு மகன்? அடிக்கடி வெளியே போகிறவளுக்கு ஓரத்து இடம்தானே வசதி? நான் இங்கால இருந்திருப்பேன், இவ ராத்தாவோட பின்னுக்கு இருந்திருப்பா. அந்தப் புள்ளய ஏன் எழுப்பின?" என்றார்.

எவ்வளவு எளிமையான கணக்கு! உம்மா 31ஆம் வரிசையின் நடைபாதை ஓரத்தில். மனைவி 44இல் ராத்தாவோடு. அந்தச் சகோதரி தம் இடத்திலேயே. ஒரு வேற்று மனிதரும் அசைய வேண்டியதில்லை. உம்மா ஓர் அந்நிய ஆணின் பக்கத்தில் இருக்கவும் வேண்டியதில்லை. எங்களுக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய மாற்றத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை விலை கொடுக்க வைத்தேன்.

விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு உம்மா சொன்னபடியே மாற்றினோம். முதலில் அந்தச் சகோதரி வர மறுத்தார். ராத்தா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். யன்னல் ஓரத்தில் அவரும் பக்கத்தில் உம்மாவுமாக இருந்தார்கள். உம்மா தம் பையிலிருந்து தொதல் எடுத்துக் கொடுத்தார். உம்மாவின் இடுப்புப் பட்டியைப் பூட்டிக் கழற்றிக் கொடுத்ததும், கழிவறை வரை கைத்தாங்கலாகக் கூட்டிப் போனதும் அவர்தான். மகனின் படத்தை உம்மாவிடம் காட்டினாராம்.

மீகாத் நெருங்குமுன் நான் உம்மாவிடம் போய் நிய்யத்தைச் சொல்லிக் கொடுத்தேன். உம்மா தல்பியா சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் அந்தச் சகோதரி கைகளைக் கட்டி மரியாதையோடு இருந்தார். எனக்கிருந்த பயமும் வீண்தான். 7 வரிசைகள் நடந்து போக முடியாதவனா நான்? மீகாத் எல்லைக்கு முன்கூட்டியே நிய்யத் வைத்தாலும் இஹ்ராம் கூடும் என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான்தானே!

ஜித்தாவில் இறங்கும்போது சூரியன் செங்கடல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கடிகாரங்களை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினோம். குடிவரவு வரிசையில் அவர் ஒரு பக்கம் போனார், நாங்கள் ஒரு பக்கம் போனோம். உம்மா கை காட்டினார். அவரும் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார்.

சகோதரிகளே, என் பிழையைச் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்களைச் சொல்கிறேன். சவூதியின் ஹஜ், உம்ரா அமைச்சர் 2022 ஒக்டோபரில் மஹ்ரம் துணை கட்டாயமில்லை என்று அறிவித்த பிறகு, பெண்கள் தாமாகவே குழுவாகச் சேர்ந்து போவதும் நடக்கிறது. அதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை தெரிந்திருக்க வேண்டியவை.

முதலாவது, ஒன்றாகப் போகிறவர்கள் ஒரே பதிவில் டிக்கட் எடுங்கள். ஒரு பதிவுக்கு ஆறு எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு குறியீடு கிடைக்கும். எல்லாருடைய டிக்கட்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிந்திச் சேர்ந்தவர்களுக்குக் குறியீடு வேறாக இருந்தால், இவர்களும் எங்கள் குடும்பம் என்று விமான நிறுவனத்துக்கு அறிவித்து இணைத்து வைக்கும்படி முகவரிடம் சொல்லுங்கள். "ஏர்போர்ட்டில் பார்க்கலாம்" என்ற பதிலோடு என்னைப் போல் திரும்பி வராதீர்கள்.

இரண்டாவது, ஆசனத்தை முன்கூட்டியே தெரிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில டிக்கட்டுகளில் அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். குழு டிக்கட்டுகளில் பெரும்பாலும் முடியாது. பல நிறுவனங்களில் பயணத்துக்கு 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் கைத்தொலைபேசியிலேயே பதிவைச் செய்து ஆசனம் பார்க்கலாம். பிள்ளைகளில் யாராவது அதைச் செய்து தருவார்கள். அதுவும் இயலாவிட்டால் விமானம் புறப்பட 3 மணி நேரத்துக்கு முன்பே கவுண்டருக்குப் போய்விடுங்கள். முந்தியவருக்கே சேர்ந்த ஆசனம் கிடைக்கும்.

மூன்றாவது, ஐந்து பேரும் ஒரே வரிசையில் என்று கேட்காதீர்கள். யாருக்கு யார் தேவை என்று வீட்டிலேயே இணை சேருங்கள். வயதான உம்மாவுக்கு ஒரு துணை, கைக்குழந்தைக்காரிக்கு ஒரு துணை. இரண்டிரண்டாகவும் மூன்று பேராகவும் கேட்டால் தருவது அவர்களுக்கும் இலகு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நடைபாதை ஓரமே நல்லது. கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டும் வரிசை இருக்கிறது. அதை முன்கூட்டியே கேட்க வேண்டும். அவசர வாயில் உள்ள வரிசையில் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடம் தரமாட்டார்கள். மடிக்குழந்தையோடு இரண்டு தாய்மாரை அடுத்தடுத்து இருக்க விடாததற்கும் காரணம் உண்டு. ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஒட்சிசன் முகமூடிகள் பொதுவாக அங்குள்ள ஆசனங்களை விட ஒன்றுதான் கூடுதல்.

நான்காவது, பிரிந்திருக்க நேரிடலாம் என்று எண்ணியே பை கட்டுங்கள். எல்லாருடைய கடவுச்சீட்டையும் மருந்தையும் ஒருவரே வைத்திருப்பது நம் வழக்கம். அப்படிச் செய்ய வேண்டாம். அவரவர் மருந்து, ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம், கடவுச்சீட்டு, தங்குமிடத்தின் பெயர் எழுதிய துண்டு ஆகியவை அவரவர் கைப்பையில் இருக்கட்டும். மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி அபூதாவூதில் பதிவான ஹதீஸில் வருகிறது. அந்தத் தலைவர் விமானத்தில் ஒரு தடவையாவது நடந்து போய் எல்லாரையும் பார்த்து வரட்டும்.

ஐந்தாவது, அப்படியும் ஒருவரிடம் இடம் கேட்க வேண்டி வந்தால், முதலில் உங்களுக்குள்ளேயே மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் விமானப் பணிப்பெண் மூலமாகக் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் இடம் அவருடைய இடத்துக்குச் சமமானதாகவோ அதைவிட நல்லதாகவோ இருக்கட்டும். ஓரத்து இடத்தை வாங்கிக்கொண்டு நடு இடத்தைக் கொடுப்பது நியாயமல்ல. அவர் இல்லையென்று சொல்ல வழி விட்டுக் கேளுங்கள். சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம். அதை நமக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கில்லை. இருவருக்கிடையே அவர்களின் அனுமதியில்லாமல் புகுந்து பிரிக்கக் கூடாது என்றும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நமக்குத் துணை தேவைப்படுவது போலத்தான் மற்றவர்களுக்கும்.

அதே நேரம், உங்களிடம் ஒரு தாய் பிள்ளையோடு வந்து இடம் கேட்டால், முடியுமானால் கொடுத்துவிடுங்கள். சபைகளில் இடமளிப்பவர்களுக்கு அல்லாஹ் இடமளிப்பதாக ஸூரத்துல் முஜாதலாவின் 11ஆம் வசனம் கூறுகிறது.

திரும்பி வரும்போது ஜித்தா விமான நிலையத்துக்கு நாங்கள் 4 மணி நேரம் முன்பே போய்விட்டோம். மச்சானைத் தலைவராக்கியிருந்தோம். உம்மாவுக்கும் மனைவிக்கும் சேர்த்து இரண்டு ஆசனங்கள் கேட்டார், கிடைத்தன. மற்ற மூவரும் மூன்று இடங்களில் இருந்து வந்தோம். ஒரு குறையும் இல்லை.

மக்காவில் ஒரு நாள் தவாபு முடித்து அமர்ந்திருந்தபோது உம்மா நீண்ட நேரம் துஆச் செய்தார். யார் யாருக்கெல்லாம் கேட்டீர்கள் உம்மா என்றேன். எங்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லிவிட்டு, "அந்தப் புள்ள சுகமா வீட்டுக்குத் திரும்பி மகனோட சேரணும் என்றும் கேட்டேன்" என்றார்.

எழுதும் இந்த நாளில் அவருடைய இரண்டு வருட ஒப்பந்தக் காலம் முடிந்திருக்கும். திரும்பி வந்த விமானத்தில் அவருக்கு யன்னல் ஓரம் கிடைத்திருக்க வேண்டும், கீழே நம் கடற்கரையும் தென்னை மரங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் துஆ. நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.